மரண வாக்குமூலம் கொடுத்த மைக் செட்காரன்

நான் இப்ப சொல்லப்போறதுல ஒரு எழுத்து பொய் இருந்தா என் ஆம்பிளிபையர்ல இடி விழட்டும் அண்ணாச்சி. அதுக்கு மேல சத்தியம் பண்ண என்கிட்ட ஒண்ணும் இல்ல. பொண்டாட்டி தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணலாம்னு பாத்தா, தலையில கை வைக்க அவ விடமாட்டா.

கொஞ்சம் நகந்து உக்காருங்க. கையில என்ன, சம்மனா? சாட்சியா வந்திருக்கியளா? அதுக்கா இப்படி வேர்க்குது. சம்மன்னா கல்யாணப் பத்திரிகை மாதிரிதான். ஒரே ஒரு வித்தியாசம், இதுக்கு வரலைன்னா ஆள் அனுப்பித் தூக்கிட்டு வருவாவ. மொய் வேண்டாம், சாப்பாடும் கிடையாது.

நான் யாருன்னா கேக்கிய? அந்தா, மரத்தடியில ஒருத்தன் பாக்ஸு இறக்குதான்லா, அது நம்ம செட்டுதான். இந்தக் கோர்ட்டு வக்கீல்மாருக்கு இன்னைக்கு ஆண்டு விழா. பேரு சொரிமுத்து. படிப்பு மூணாங்கிளாஸு, அதுலயும் பாதி நாள் வாத்தியார் வரல, மீதி நாள் நான் போகல. ஆனா சட்டத்துல நான் ஒரு ஆளு. மரண வாக்குமூலம்னு கேள்விப்பட்டிருக்கியளா? அதைக் கொடுத்துட்டு, அதுக்குப் பொறவும் உங்க பக்கத்துல உக்காந்து வெத்தலை போடுதவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான். தொட்டுப் பாருங்க. சூடா இருக்குல்லா?

மரண வாக்குமூலம்னா வேற ஒண்ணும் இல்ல. சாகக் கெடக்கவன், என் சாவுக்கு இன்னது காரணம், இன்னான் காரணம்னு சொல்லி வைக்கது. சத்தியம் வாங்க மாட்டாவ. சாகப்போறவன் வாயில பொய்யை வச்சுக்கிட்டுப் போகமாட்டான்னு சட்டத்துக்கு ஒரு நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான். சட்டத்துக்கு எங்க ஊரு ஆளுகளைத் தெரியாது, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு சகலை உண்டு. பலவேசம்னு பேரு. என் பொண்டாட்டி பேராச்சியோட தங்கச்சி சுடலைவடிவைக் கெட்டுனவன். அவன் பந்தல் போடுதவன், நான் மைக் செட்டு. சுத்துப்பட்டுல எந்த அம்மன் கோயில் கொடைத் திருவிழான்னாலும் கீழ அவன் பந்தல், மேல என் குழாய் ஸ்பீக்கர். பத்து வருஷம் அப்படித்தான் ஓடிச்சு. ஒரு சண்டை கிடையாது. அதுக்குப் பொறவு அந்தப் பய பாக்ஸு வாங்கினான்.

பாக்ஸு பாத்திருப்பிய. ஆளு ஒசரத்துக்குக் கறுப்பா நிக்கும். பாட்டே கேக்காது, நெஞ்சுல குத்துதது மட்டும்தான் தெரியும். நம்ம குழாய் அப்படியா? பூ மாதிரி வாயைத் தொறந்துக்கிட்டு மரத்து உச்சியில இருந்து பாடுச்சுன்னா நாலு ஊருக்குக் கேக்கும். "ஏம்ல இப்படிப் பண்ணுன"ன்னு கேட்டேன். "சகல, பந்தலுக்குள்ள ஆடுத பயலுவளுக்குத்தான் பாக்ஸு. ஊருக்கெல்லாம் உம்ம குழாய்தான்"னு சொன்னான். கேக்க நல்லாத்தான் இருக்கு. யோசிச்சுப் பாத்தா, என்னை மரத்துக்கு அனுப்பிட்டு கீழ அவன் ராஜா.

நான் பொறாமைக்காரன் இல்ல அண்ணாச்சி. அதை மொதல்லயே சொல்லிருதேன். அந்தப் பாக்ஸு ரெண்டும் மழையில நனைஞ்சு நாசமாப் போகணும்னு நெனச்சேனே தவிர, பொறாமை எல்லாம் பட்டதே இல்ல.

அன்னைக்கு எங்க ஊருக் கொடை. மத்தியானம். வாகைமரத்துல ஏணியைச் சாத்தி, உச்சிப்படியில நிக்கேன். ஒரு கை கிளையில, ஒரு கையில குழாய். கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு பலவேசம். அப்பம் சொல்லுதான், "சகல, இந்தக் கிளை போதும், இங்கனயே கெட்டும்"னு.

அவ்வளவுதான் சொன்னான். ஆனா யாரு சொல்லுதா? பாக்ஸுக்காரன் சொல்லுதான். என் குழாய் எந்தக் கிளையில இருந்து பாடணும்னு பாக்ஸுக்காரன் சொல்லுதான். எனக்கு வந்துச்சு பாருங்க. குழாயைக் கிளையில மாட்டிட்டு ஏச ஆரம்பிச்சேன்.

இப்ப உங்ககிட்ட பேசுதேன்லா, கை எங்க போகுதுன்னு பாத்தியளா? சம்மனை ரெண்டு தடவை தட்டிவிட்டுட்டேன். எனக்கு வாய் பேசணும்னா கையும் பேசணும். பொறவி அப்படி. அவன் பந்தலை ஏசுத வரைக்கும் ஒரு கை போதும்னு இருந்துச்சு. பாக்ஸுக்கு வந்தேன். அதுக்கு ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சு.

விட்டுட்டேன்.

இதுல அவன் மேல தப்பே இல்லைன்னா சொல்லுதிய? நல்லா யோசிங்க. அவன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசியிருந்தா நான் விழுந்திருக்கவே மாட்டேன். அவன் பேசும்போது நான் கேக்கணும்லா. கேக்கதுக்குக் கை வேண்டாம், கிளையைப் பிடிச்சிருப்பேன். பய வாயைத் தொறக்கல. அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்கான். எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷன் தனியா ஏசுவான்?

விலா எலும்பு மூணு, தொடை எலும்பு ஒண்ணு. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாவ. டாக்டர் வந்து பாத்துட்டு, "இருபத்திநாலு மணி நேரம் தாண்டட்டும், இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது"ன்னு பேராச்சிகிட்ட சொல்லுதாரு. நான் கேட்டுக்கிட்டுதான் கெடக்கேன். ஆஸ்பத்திரி போலீஸ்காரர் ஒருத்தர் நோட்டோட வந்து, "எப்படிவே விழுந்தீரு?"ன்னாரு. எனக்கு மூச்சு வாங்குது. "எல்லாம் என் சகலையால வந்தது"ன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. நோட்டை மூடுனாரு, போனாரு. கொஞ்ச நேரத்துல மாஜிஸ்திரேட்டு வந்துட்டாவ.

சின்ன வயசு அம்மா. கண்ணாடி போட்டுருந்தாவ. வந்ததும் போலீஸ்காரரை வெளிய போகச் சொன்னாவ. பேராச்சியைப் போகச் சொன்னாவ. வாசல்ல எட்டிப் பாத்துக்கிட்டு நின்ன பலவேசத்தையும் போகச் சொல்லிட்டாவ. டாக்டர் மட்டும் நிக்காரு. "உங்க பேரு என்ன, எந்த ஊரு, நான் யாருன்னு தெரியுதா?"ன்னு கேட்டாவ. புத்தி தெளிவா இருக்கான்னு பாக்கதுக்கு. "தெரியும்மா, என் சாவை எழுத வந்திருக்கிய"ன்னேன். டாக்டர் தெளிவா இருக்கான்னு கையெழுத்துப் போட்டாரு. "நீங்க சொல்லணும்னு கட்டாயம் இல்ல. சொன்னா நடந்ததைச் சொல்லுங்க"ன்னுட்டு, பேனாவைத் தொறந்து வச்சுக்கிட்டு என் வாயையே பாக்காவ.

அண்ணாச்சி, நான் முப்பது வருஷமா மைக்கைப் பிடிக்கேன். நான் "ஹலோ, ஹலோ"ங்கும்போதே நாலு பேரு "போதும்டே, பாட்டைப் போடு"ம்பான். இந்தம்மா நான் நிறுத்துனா "அப்புறம்?"ங்காவ. நான் சொன்னதை ஒருத்தர் உக்காந்து எழுதுதது அதான் மொத தடவை. மனுஷனுக்கு ஒரு இது வரும்லா.

அதுகூடப் பரவாயில்ல. அந்த நேரம் பாத்து எனக்கு ஒரு நெனப்பு வந்துட்டு. நான் செத்துட்டா என் சாவுக்கு யாரு செட்டு? என் செட்டை ஓட்ட ஆள் இல்ல, ஓட்டுதவன்தான் செத்துட்டேனே. அப்பம் அவன் செட்டுதான் வரும். என் தலைமாட்டுல அவன் பாக்ஸு ரெண்டும் நிக்குது. பேராச்சி அழுதா. வாய் அசையுது, சத்தம் கேக்கல. இது குத்து குத்துன்னு குத்துது. என் சாவுல எம் பொண்டாட்டி ஒப்பாரி எனக்கே கேக்கல அண்ணாச்சி. கண்ணுல தண்ணி வந்துட்டு. அந்தம்மாவும் பாவம், வலிக்குதுன்னு நெனச்சிருப்பாவ.

"பலவேசம் ஏணியை உருவிட்டாம்மா"ன்னேன்.

எழுதுனாவ. எழுதி, எனக்கே படிச்சுக் காட்டுனாவ. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. பெருவிரலை உருட்டிட்டேன். அதுக்குப் பொறவு நான் செய்யவேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். சாகணும். அதை நான் செய்யல.

மூணாம் நாளு இட்லி சாப்பிடுதேன். பேராச்சிதான் ஊட்டிவிடுதா. அழுதுக்கிட்டே ஊட்டுதா. என்னட்டின்னு கேட்டா, பலவேசத்தைப் போலீஸ் பிடிச்சுட்டாவளாம். கொலை முயற்சியாம். எனக்குக் காப்பி வாங்கப் போனவனை வாசல்லயே பிளாஸ்கோட தூக்கிட்டாவளாம். அந்தக் காப்பி இன்னைய வரைக்கும் எனக்கு வரல, அது வேற விஷயம்.

"ஏங்க, அவன்தான உங்களைத் தூக்கிட்டு வந்தான்"னு சொல்லுதா. "ஆட்டோவுல படுக்க வைக்க எடம் பத்தலைன்னு, அந்த ஏணியிலயே உங்களைக் கெட்டி, லோடு வண்டியில வச்சு, வழியெல்லாம் உங்க தலையை மடியில பிடிச்சுக்கிட்டு வந்தான். எந்தப் பாவி என்னத்தச் சொல்லிக் கொடுத்தானோ, அவன் வாய் கோணிப் போகணும்."

நான் வாயைத் தொறந்து இட்லியை வாங்கிக்கிட்டேன்.

"அந்த ஜட்ஜம்மாகிட்ட நீங்க என்ன சொன்னிய?"ன்னு கேட்டா. "எனக்கு என்னத்தத் தெரியும், மயக்கத்துல கெடந்தேன்"னு சொல்லிட்டேன். அந்தக் காயிதம் என்னமோ உறை போட்டு ஒட்டி கோர்ட்டுக்குப் போயிருமாம், வீட்டாளுகளுக்குத் தெரியாது. அந்த மட்டுக்கும் சட்டம் நல்ல சட்டம்தான்.

சுடலைவடிவு தினம் வருவா. ஒரு பையும் ஒரு தூக்குவாளியும் கொண்டாருவா. ஜெயில்ல வெளிச் சோறு விடமாட்டாவ, அதனால புருஷனுக்குப் பன்னும் பழமும். எனக்கு மீன் கொழம்பு. "அத்தான், நீங்க எந்திரிச்சு நடந்தாத்தான் அவுகளை விடுவாவளாம். நல்லா சாப்பிடுங்க"ன்னு முள்ளு எடுத்து வைப்பா. நான் சாப்பிட்டேன். சாப்பிடாம இருந்தா அந்தப் பிள்ளை மனசு கஷ்டப்படும்லா.

கம்பை ஊனி நடக்க ஆரம்பிச்சதும் நேரா வக்கீல் ஞானதிரவியத்துகிட்ட போனேன். கொடைக்கு நன்கொடை கேட்டுப் போன பழக்கம். "சார், என் சிநேகிதன் ஒருத்தன், சாகப்போறோம்னு நெனச்சு ஒரு வாக்குமூலம் கொடுத்துட்டான்"னு ஆரம்பிச்சேன்.

"அந்தச் சிநேகிதனுக்கும் விலா எலும்பு மூணா ஓய்?"ன்னாரு.

படிச்சவங்ககிட்ட இதான் தொல்லை. எல்லாத்தையும் சொல்லிட்டேன். மனுஷன் சிரிச்சு முடிக்கவே கொஞ்ச நேரமாச்சு. பொறவு சொன்னாரு. "செத்தாத்தான் ஓய் அது மரண வாக்குமூலம். பொழச்சு நடந்தீர்னா அது நீர் முன்னால ஒரு தடவை சொன்ன பேச்சு, அவ்வளவுதான். நீரே கூண்டுல ஏறி, கேக்குத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லணும்."

"அப்ப அந்தக் காயிதம் செல்லாதா?"

"நீர் உசுரோட இருக்கவரை அது நோஞ்சான். அந்த அடியால நீர் போயிட்டீர்னு வையும், அதுதான் பீமன். உம்மைக் குறுக்கு விசாரணை பண்ண முடியாது, நீர் வந்து மாத்திச் சொல்லவும் முடியாது. அதை ஒண்ணை வச்சே அவனுக்கு ஆயுள் போட்டுருவாங்க."

எனக்கு அங்கனயே இருமல் வந்துட்டு. இருமும்போதே பயம். இருமலையும் பாதியிலயே முழுங்கிட்டேன்.

நல்லாக் கவனிங்க அண்ணாச்சி. பலவேசத்தோட உசுரை யாரோ கொண்டாந்து என் விலா எலும்புக்குள்ள வச்சுப் பூட்டுன மாதிரி ஆயிட்டு. நான் கூண்டுல ஏறுத வரைக்கும் சாகக் கூடாது. வக்கீலும் "போலீஸ்ல போய் உளறாதீரும், உம்ம மேல ஒரு கேஸைப் போட்டுட்டு அவனையும் விடமாட்டாங்க. கோர்ட்டுல சொல்லும்"னுட்டாரு. கோர்ட்டுன்னா எப்பம்? ரெண்டு வருஷம்.

வாய்தா, வாய்தா, வாய்தா. வாய்தான்னா என்னன்னு தெரியுமா? இன்னைக்குச் சோறு இல்ல, அடுத்த மாசம்தான் இலை போடுவோம், ஆனா நீ இன்னைக்கும் வந்து பந்தியில உக்காந்து எந்திரிச்சுட்டுப் போகணும். அதான் வாய்தா.

அந்த ரெண்டு வருஷமும் நான் வாழ்ந்த மாதிரி ஒருத்தன் வாழ்ந்திருக்க மாட்டான். மரம் ஏறல. சாயங்காலம் கொஞ்சம் ஊத்திக்கிடுவேன், அதை விட்டேன். புரோட்டாவை விட்டேன். கீரை தின்னேன். சைக்கிள்ல போகும்போது ஹெல்மெட்டு போட்டேன், தெரு நாயெல்லாம் வெரட்டுச்சு. பேராச்சிக்குப் பூரிப்பு தாங்கல. "அடி பட்டதுல உங்களுக்குப் புத்தி வந்துட்டுங்க"ன்னு அம்மனுக்குப் பொங்கல் வச்சா.

நாப்பது நாள்ல பலவேசம் ஜாமீன்ல வந்துட்டான். ஜாமீன்னா ஆளு வெளிய, பயம் உள்ள. வந்தவன் அவன் வீட்டுக்குப் போகல, நேரா எங்க வீட்டுக்கு வந்தான். நான் தூங்குத மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன். வந்து நிக்கான். நிக்கான். நிக்கான். பொறவு குனிஞ்சு, "சகல, மூச்சு நல்லா வருதா?"ன்னு கேக்கான்.

ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவன் கேக்குத மொதக் கேள்வி அது. எனக்கு உருகிப் போச்சு. பாவம், பயலுக்கு ஒண்ணும் தெரியலைன்னு நெனச்சேன்.

அன்னையில இருந்து தினம் ரெண்டு நாட்டுக்கோழி முட்டை வரும். விடிஞ்சும் விடியாம கொண்டாந்து, நான் குடிக்கத வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் போவான். ஒரு நாளு வெத்தலை பொறையேறி இருமுனேன், ஆட்டோவைக் கூட்டிட்டு வந்துட்டான். கொடைக்குக் கொடை என் குழாயை அவனே மரத்துல ஏறிக் கெட்டுவான். ஏணியைச் சுடலைவடிவு பிடிச்சுக்கிடுவா. என்னைக் கீழ சேர் போட்டு உக்கார வச்சுருவான். நான் கேட்ட கிளையிலதான் கெட்டுவான். "அந்தக் கிளை இல்லடே"ன்னு நான் கத்துனா, "எந்திரிக்காதீரும், உக்காந்துக்கிட்டே ஏசும்"பான். ஊரே வாயைப் பொளந்துட்டு. சகலைன்னா இப்படில்லா இருக்கணும்னு, பேசாமக் கெடந்த ரெண்டு சகலைமாரு எங்களைப் பாத்துட்டு ஒண்ணு சேந்தாவ. சத்தியமா.

கடைசியில கூண்டுல ஏறுத நாளு வந்துச்சு. இந்தா, இந்தக் கட்டடம்தான். உள்ள பின் பெஞ்சுல பேராச்சியும் சுடலைவடிவும் கையைக் கோத்துக்கிட்டு உக்காந்திருக்காவ. ஞானதிரவியம் சார் சொல்லி அனுப்பியிருந்தாரு, "மயக்கத்துல என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்லைன்னு சொல்லும். எல்லாரும் அதான் சொல்லுவாங்க"ன்னு.

அரசு வக்கீல் எந்திரிச்சாரு. "எப்படி விழுந்தீர்?"

"கையை விட்டேன் ஐயா, விழுந்தேன்."

"ஏணியை யாரும் உருவலையா?"

"இல்ல ஐயா."

அவரு ஜட்ஜையாவைப் பாத்து, இவர் பிறழ் சாட்சின்னுட்டாரு. பிறழ் சாட்சின்னா, கூட்டிட்டு வந்தவன் சொல்லச் சொன்னதைச் சொல்லாதவன். எங்க வீட்டுல நான் இருபது வருஷமா அதுதான். அப்படிச் சொல்லிட்டா, கூட்டிட்டு வந்தவரே நம்மளைக் குடைஞ்சு குடைஞ்சு கேக்கலாம். கேட்டாரு. அந்தக் காயிதத்தை எடுத்து அம்பது பேரு முன்னால படிச்சாரு. பலவேசம் ஏணியை உருவிவிட்டான். கீழே கைநாட்டு.

பின் பெஞ்சைப் பாக்கணும்னு ஆசைதான். கழுத்து திரும்ப மாட்டேங்கு.

"மயக்கத்துல இருந்தீரா?"ன்னு கேக்காரு. "தெளிவா இருக்கான்னு டாக்டர் கையெழுத்து போட்டிருக்காரே. இல்ல, அந்த மாஜிஸ்திரேட்டு அம்மா நீர் சொல்லாததை எழுதிட்டாங்களா?"

ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. பேராச்சி என்னை மடியில போட்டுத் தாலாட்டுவா. ஆனா அண்ணாச்சி, நான் சொன்னதை ஒரு எழுத்து விடாம எழுதுன ஒரே ஆளு அந்தம்மா. அவிய மேல எப்படிப் பழியைப் போடுவேன்?

"சொன்னேன் ஐயா. நான்தான் சொன்னேன். பொய்."

அப்பம் திரும்பிட்டேன். பேராச்சி கண்ணைப் பாத்தேன். கொடைக்கு இடையில திடீர்னு கரண்டு ஏறி பல்பெல்லாம் வெள்ளையா எரியும்லா, அப்படி.

ஜட்ஜையா கண்ணாடியைக் கழட்டுனாரு. "சாகப்போறவன் பொய் சொல்லமாட்டான்னு சட்டம் நம்புது, தெரியுமா?"

"நான் சாகலையே ஐயா. அதுக்காவது சட்டம் என்னைக் கொஞ்சம் விட்டுறலாம்."

கோர்ட்டே சிரிச்சுச்சு. அவரு சிரிக்கல. அரசு வக்கீலு விடல. "ரெண்டு வருஷமா எதிரி உமக்குத் தினமும் முட்டை கொண்டாந்து தாராராமே?"ன்னாரு. கோர்ட்டுல எதிரின்னா குற்றம் சாட்டப்பட்டவன், நம்ம பலவேசம்தான். "ஆமா, நாட்டுக்கோழி"ன்னேன். அப்பத்தான் புரிஞ்சுது, அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. சொந்தக்காரனுவ சமாதானமாப் போயிட்டானுவ, அதான் மாத்திப் பேசுதான்னு ஆயிட்டு. ஜட்ஜையா மூஞ்சியிலயும் அதுதான் எழுதியிருக்கு. எதிரிக் கூண்டுல பலவேசம் தலையைத் தொங்கப் போட்டுட்டான். நான் வாழ்க்கையிலயே உண்மையைச் சொன்ன நாளு அன்னைக்குத்தான், அன்னைக்குப் பாத்து ஒரு பய நம்பல.

"முப்பது வருஷம் மரம் ஏறுன ஆளு, ஏணியை யாரும் தொடாம எப்படிவே விழுவீரு?"ன்னாரு ஜட்ஜையா.

"ஏசுனேன் ஐயா. அதுக்கு ரெண்டு கையும் வேணும்."

"எப்படி ஏசுனீர்? சொல்லும்."

"பொம்பளையாளுக இருக்காவ ஐயா."

"கெட்ட வார்த்தையை விட்டுட்டுச் சொல்லும்."

விட்டுட்டா பாதிதான் இருந்துச்சு. இருக்கதை வச்சு ஆரம்பிச்சேன். பந்தல்ல தொடங்கி, பாக்ஸுக்கு வந்தேன் பாருங்க, ரெண்டு கையும் மேல போயிட்டு, கூண்டு மேல சாஞ்சு, கவுந்தே போயிருப்பேன். கோர்ட்டுப் போலீஸ்காரர் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டாரு.

ஜட்ஜையா கண்ணாடியை எடுத்து மாட்டுனாரு. பொறவு, "ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அதையே சொல்லும்"னாரு.

பிடிச்சேன். "ஏல பலவேசம், நீ... உன்..." வரல. சத்தியமா வரல. வார்த்தை தொண்டை வரைக்கும் வருது, கை வராம அதுவும் வரமாட்டேங்கு. கம்பியை விட்டேன், அருவி மாதிரி கொட்டுச்சு. "பிடியும்"னாரு. நின்னுட்டு. "விடும்"னாரு. கொட்டுச்சு. மூணு தடவை. ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுத மாதிரி. நாலாவது தடவை அரசு வக்கீலே பைலை வச்சு வாயை மூடிக்கிட்டாரு. ஜட்ஜையா குனிஞ்சு, சாட்சியோட நடவடிக்கைன்னு என்னத்தையோ டைப் அடிக்கச் சொன்னாரு. பொறவு என்னை ஏசுனாரு பாருங்க, அரை மணி நேரம். மைக் இல்லாம அவ்வளவு தூரம் கேக்குத மாதிரி ஒரு தொண்டையை நான் கேட்டதே இல்ல. அவருக்குக் கை அசையவே இல்ல, அதான் ஆச்சரியம்.

பலவேசத்துக்கு விடுதலை. அடுத்த வாய்தாவுல எழுதிக் கொடுத்துட்டாவ.

பேராச்சி ஆறு மாசம் என்கூடப் பேசல. இப்பம் பேசுதா. அதுக்கு ஆறு மாசமே பரவாயில்லைன்னு இருக்கு. ரெண்டு செட்டையும் ஒண்ணாக்கி அவ பேரைப் போட்டுட்டா. "பேராச்சி ஒலி ஒளி பந்தல்", வண்டியில பெருசா எழுதியிருக்கும் பாருங்க.

விடுதலையான அன்னைக்கு இந்த வாசல்ல வச்சுத்தான் பலவேசத்தைக் கேட்டேன். "உனக்கு எப்பம்டே தெரியும்?"

"ஜெயில்ல வச்சுக் குற்றப்பத்திரிகை நகல் கொடுத்த அன்னைக்கே தெரியும் சகல. எழுத்துக் கூட்டிப் படிச்சேன்."

"ரெண்டு வருஷமாவா தெரியும்? பேராச்சிகிட்ட ஏம்ல சொல்லல?"

"சொன்னா மயினி உம்மைக் கொன்னுருப்பாவ. நீர் செத்துட்டா நான்லா உள்ள போகணும்."

அப்ப அந்த முட்டை பாசத்துல வந்ததா, பயத்துல வந்ததா? நீங்களே சொல்லுங்க. கேட்டா பய சிரிக்கான். ஆனா ஒண்ணு, விடுதலையான மறுநாளு முட்டை நின்னு போச்சு. ரெண்டு வருஷம் ஒருத்தனுக்காக உசுரோட இருந்தேன், அந்த நன்றி ஒரு பயலுக்கு இல்ல.

சரி, கதையைக் கேட்டுட்டு இப்படியே எந்திரிக்கலாம்னு பாக்காதிய. சாட்சி சொல்லுதவனுக்குக் கோர்ட்டுலயே படிக்காசு கொடுப்பாவ. நான் உங்களுக்கு முழுச் சாட்சியும் சொல்லியிருக்கேன், குறுக்கு விசாரணைக்கு ஆளும் இல்ல. அந்தா கேண்டீன். ரெண்டு டீ, நாலு உளுந்த வடை. ஒரு டீயும் ரெண்டு வடையும் அந்தா மரத்தடியில பாக்ஸு இறக்குத பலவேசத்துக்கு, அவன் கேக்கமாட்டான், நீங்களே கொண்டு போய்க் கொடுக்கணும். மரண வாக்குமூலம் கொடுத்தவன் வாயாலயே கதை கேட்டதுக்கு இது ரொம்பக் கொறைச்சல். உசுரோட இருக்கேன்னுதான் இந்த ரேட்டு.